120 சதுர அடி கூட்ட வேண்டாம், ஒரு சுவரை எடுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உடுமலைப்பேட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதமும் பிளானும் கிடைத்தன. மற்ற வாசகர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன். கிழக்கு பார்த்த மனை, 40-க்கு 60, அதாவது ஐந்தரை சென்ட். கீழ்த்தளம் 30-க்கு 40 என்று 1,200 சதுர அடி, மேலே பிள்ளைகளுக்காக ஒரு 500 சதுர அடி. வீட்டில் நீங்கள், கணவர், 12 வயது மகள், 8 வயது மகன், முழங்கால் வலியோடு இருக்கும் 68 வயது அத்தை. இன்ஜினியர் போட்டுக்கொடுத்த பிளானைப் பார்த்தால் எல்லா அறையும் சின்னதாகத் தெரிகிறது, பின்பக்கம் நான்கடி இழுத்து 120 சதுர அடி கூட்டிக்கொள்ளலாமா, அடுத்த மாதம் பூமி பூஜை, சீக்கிரம் பதில் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கூட்ட வேண்டாம். உங்கள் பிளானில் இடம் குறைவாக இல்லை, இருக்கிற இடம் தப்பான கைகளில் இருக்கிறது. பின்பக்கம் இப்போது ஆறடி விட்டிருக்கிறார்கள், அதில் நான்கடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டடி. துணி காயப்போட, துவைக்கிற கல் போட, செப்டிக் டேங்க் மூடியைத் திறக்க ஆள் நிற்க, எதற்கும் அந்த இரண்டடி உதவாது, கட்டிட அனுமதி வாங்குவதிலும் சிக்கல் வரும். அந்த 120 சதுர அடிக்கு ஆகும் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஜன்னலுக்கும் மேற்குச் சுவருக்கும் தேவைப்படும்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பிளானை ஜெராக்ஸ் எடுத்து அதே அளவுக் கணக்கில் காகிதத்தில் கட்டில், பீரோ, சோபா, சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வெட்டி அதன் மேல் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு வந்த பிளானில் அறைகளுக்குப் பெயரும் அளவும் இருக்கிறதே தவிர ஒரு சாமான்கூட வரையப்படவில்லை. வெறும் கட்டமாகப் பார்த்தால் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும், சில சமயம் தேவையில்லாமல் பெரிதாகவும் தெரியும். நான் உங்கள் பிளானை அப்படி வைத்துப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பெரிய பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கிறேன், கழிப்பறைகள். மேற்கே இரண்டு படுக்கையறைகள், தென்மேற்கில் ஒன்று, வடமேற்கில் ஒன்று, இரண்டும் 11-க்கு 11. நடுவில் 5 அடி 4 அங்குல அகலத்தில் ஒரு பட்டை, அதைக் குறுக்கே வெட்டி இரண்டு கழிப்பறை போட்டிருக்கிறார். மேற்கே இருப்பது உங்கள் தென்மேற்கு அறைக்கு அட்டாச்சுடு. கிழக்கே இருப்பது பொது, அதற்கு நான்கு பக்கமும் வீட்டுக்குள்தான், வெளிச்சுவர் எதையும் அது தொடவே இல்லை. டக்ட், அதாவது காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய்ப் பாதை, வைத்து ஃபேன் போடலாம் என்பார்கள், கரன்ட் போனால், ஃபேன் பழுதானால் ஈரமும் வாடையும் வீட்டுக்குள்தான் சுற்றும். அளவும் போதாது: 5 அடி 4 அங்குலத்துக்கு 5 அடி 3 அங்குலம் என்றால் 28 சதுர அடி, குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்த அளவே 2.8 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 30 சதுர அடி. போதாக்குறைக்கு அதன் கதவு நேராக டைனிங் டேபிளைப் பார்த்துத் திறக்கிறது. உறவினர்கள் வந்து பந்தி மாதிரி உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வர வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு அதிகம் உறுத்தியது வேறு. அட்டாச்சுடு கழிப்பறை உங்களுக்கு, முழங்கால் வலிக்கிற அத்தைக்கு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எழுந்து, கதவைத் திறந்து, டைனிங்கைக் கடந்து, அந்த இருட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டும். வயதானவர்கள் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுவார்கள், இந்த நடை தினமும் நடக்கப்போகிற நடை.

மாற்றம் இப்படி. நடுப்பட்டையில் இரண்டு கழிப்பறை வேண்டாம், ஒன்று போதும். மேற்கு வெளிச்சுவரைத் தொட்டபடி 7 அடி நீளத்தில் அதைப் போட்டு, கதவை வடமேற்கு அறைக்குள் திருப்பி, அந்த அறையை அத்தைக்குக் கொடுங்கள். மிஞ்சும் 3 அடி 6 அங்குலத்துக்கு 5 அடி 4 அங்குலம், அதை உங்கள் தென்மேற்கு அறைப் பக்கம் திறந்துவிட்டுத் துணி வைக்கிற சிறு அறையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் 18 அங்குல ஆழத்தில் தட்டுகள், எதிரே நிற்க இரண்டடி. பொதுக் கழிப்பறை தெற்குப் பக்கம், மாடிப்படிக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் 'ஸ்டோர்' என்று 5-க்கு 7-ல் ஒரு அறை போட்டிருக்கிறாரே, அங்கே போகட்டும். அதற்குத் தெற்கு வெளிச்சுவர் இருக்கிறது, வென்டிலேட்டர் நேராக வெளியே திறக்கும், 35 சதுர அடியும் கிடைக்கும், கதவு டைனிங் டேபிளைப் பார்க்காமல் படிப்பக்கம் திரும்பிவிடும். உங்கள் அறைக் கதவிலிருந்து இரண்டு எட்டுதான், பகலில் பொதுவாகவும் ராத்திரியில் உங்களுக்காகவும் இருக்கும். உங்களுக்கென்று இருந்த அட்டாச்சுடு போகிறது என்பது உண்மைதான், கணவரோடு பேசி முடிவெடுங்கள். என் வீடாக இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ஸ்டோர் ரூம் போனால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். படிக்கு அடியில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது, சமையலறையில் ஏழடி உயரத்துக்கு மேல் பரண் வருகிறது, அது போதும். தனி ஸ்டோர் ரூம் கட்டிய வீடுகளில் ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பழைய டிவியும் அட்டைப்பெட்டியும்தான் அதில் குடியிருக்கின்றன.

அத்தை அறையின் கழிப்பறைக்கு இன்னும் சில விஷயம். கதவு 2 அடி 6 அங்குலம் என்று போட்டிருக்கிறது, 3 அடி ஆக்குங்கள், நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ தேவைப்பட்டால் நுழைய வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கதவை ஒட்டியே விழுந்துவிட்டார், கதவோ உள்ளே திறப்பது, தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். கீலைக் கழற்றிக் கதவை எடுக்கும் வரை அவர் உள்ளே முனகிக்கொண்டு கிடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் போடும் எந்த பிளானிலும் வயதானவர்கள் புழங்கும் குளியலறைக் கதவு உள்ளே திறக்காது. அப்புறம், குளியலறைத் தரையை இரண்டு அங்குலம் பள்ளமாக வைப்பது கொத்தனார்களின் பழக்கம், இங்கே அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தண்ணீர் வடிவதற்கு வாட்டம் சரியாகக் கொடுத்தால் போதும். கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்து எழும்பக் கைப்பிடி எங்கே வரும் என்று டைல் ஒட்டுவதற்கு முன்பே சுவரில் குறித்துவிடுங்கள், தண்ணீர்க் குழாய் அந்த இடத்தில் ஓடாமல் பிளம்பர் பார்த்துக்கொள்வார்.

இப்போது தலைப்பில் சொன்ன சுவர். ஹால் வடகிழக்கில் 11-க்கு 16. அதற்கும் அத்தை அறைக்கும் நடுவில், வடக்குச் சுவரை ஒட்டி 8-க்கு 10-ல் 'படிப்பு அறை' என்று ஒன்று. அதனால் என்ன ஆகிறது என்றால், டைனிங் வீட்டின் நட்டநடுவில் மாட்டிக்கொள்கிறது, எந்தப் பக்கமும் ஜன்னல் கிடையாது, காலை பதினோரு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஹாலிலிருந்து பார்த்தாலும் உள்ளே இருட்டுத்தான் தெரியும். நீங்கள் 'வீடே சின்னதாகத் தெரிகிறது' என்று எழுதினீர்களே, அளவைவிட இந்த இருட்டுத்தான் அந்த எண்ணத்தைக் கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு மாடியில் தனி அறை வருகிறது, கீழே இன்னொரு படிப்பு அறை எதற்கு? அதற்கும் டைனிங்குக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துவிடுங்கள். டைனிங் வடக்கு வரை நீண்டு, அங்கே ஐந்தடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்று வந்து, ஹாலும் டைனிங்கும் ஒரே வெளிச்சத்தில் சேர்ந்துவிடும். ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் ஒரு நீள மேசை போட்டால் மகன் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான், எட்டு வயதுப் பையன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கப்போவதில்லை, நீங்கள் சமைத்துக்கொண்டே அவனைப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்ட 120-ல் 80 சதுர அடி இங்கேயே வந்துவிட்டது.

வடக்கு ஜன்னல் என்றால் வெயில் வராது, சன்ஷேடு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. உடுமலை பூமத்திய ரேகைக்குப் பக்கம், ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, அதன் பிறகு வடக்கே சாய்ந்துவிடுகிறது, ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் வடக்குச் சுவரில் வெயில் விழும். வடக்கிலும் இரண்டடி சன்ஷேடு போடுங்கள், ஐப்பசி மழைக்கும் அது வேண்டும், வடகிழக்குப் பருவமழையின் சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

மேற்குதான் கஷ்டமான பக்கம். இரண்டு படுக்கையறையும் மேற்கில் இருக்கின்றன. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மதியம் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணிக்குத்தான் உள்ளே விடும், சரியாக நீங்கள் படுக்கிற நேரம். அறையை இடம் மாற்றலாம் என்றால் வாஸ்துவும் உங்கள் விருப்பமும் அங்கேதான் சொல்கின்றன, சரி, அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் மேற்கை முழுக்க மூடிவிடவும் உங்கள் ஊரில் மனசு வராது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வீசுகிற காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது, அந்தக் காற்றை நம்பித்தானே உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வெயிலும் காற்றும் ஒரே திசையிலிருந்து வரும்போது செய்ய வேண்டியது, மேற்கில் சின்ன ஜன்னலாக, மூன்றடிக்கு நான்கடி, அதற்கு மேலே மட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி இரண்டடி நீட்டிய மறைப்பு, பகலில் மூட மரக்கதவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திறந்தால் காற்று மட்டும் உள்ளே வரும். பெரிய ஜன்னலை உங்கள் அறைக்குத் தெற்கிலும் அத்தை அறைக்கு வடக்கிலும் வையுங்கள். உள்ளே வந்த காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளேயும் வராது, ஆகவே மாடிப்படியின் உச்சியில், படிக்கு மேலே கூரை போட்ட ஹெட்ரூமில், திறந்து மூடுகிற ஜன்னல் கட்டாயம் வேண்டும், சூடான காற்று அந்த வழியே ஏறிப் போய்விடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மாடியில் பிள்ளைகளின் அறைகளை முன்பக்கம், ஹாலுக்கு மேலே போட்டிருக்கிறார், தெருவிலிருந்து பார்க்க எலிவேஷன் நன்றாக இருக்கும் என்பதற்காக. அதைப் பின்பக்கம், கீழ் படுக்கையறைகளுக்கு மேலே தள்ளுங்கள். கீழே இருக்கிற சுவர்களுக்கு நேர் மேலே மாடிச் சுவர்கள் வரும், நடுவில் கூடுதல் பீம் வேண்டாம். மாடிக் குளியலறை அத்தையின் குளியலறைக்கு நேர் மேலே வரும், ஒரே கழிவுக் குழாயில் முடிந்துவிடும். உங்கள் அறைகளின் கூரை மேல் வெயில் நேராக விழாது. முன்பக்கம் மொட்டை மாடி கிடைக்கும், சாயங்காலம் நிழல் விழுகிற கிழக்குப் பக்கம், வற்றல் வடகம் காலை வெயிலில் காயும், ராத்திரி உட்கார்ந்து பேசலாம்.

படிக்கட்டை அவசியம் திருத்த வேண்டும். 6 அடி 6 அங்குலத்துக்கு 8 அடி என்று ஒரு கட்டம் போட்டு 'படி' என்று எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். எட்டடியில் படி திரும்புகிற லேண்டிங்குக்கு மூன்றடி போனால் மிச்சம் ஐந்தடி, கால் வைக்கிற மிதி பத்து அங்குலம் என்றால் ஆறு மிதிதான் வரும், ஒரு பக்கம் ஏழு ஏற்றம் (ஒரு படியின் உயரம்தான் ஏற்றம்), இரண்டு பக்கமும் 14. 126-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு படி 9 அங்குல உயரம். அது பரணுக்கு ஏறுகிற உயரம், பிள்ளைகள் தினமும் பத்துத் தடவை ஏறி இறங்குகிற படி இல்லை. ஏழு அங்குல ஏற்றம் வைத்தால் 18 ஏற்றம், பக்கத்துக்கு எட்டு மிதி, 6 அடி 8 அங்குலம், லேண்டிங்கோடு 9 அடி 8 அங்குலம். பத்தடி கொடுங்கள், டைனிங் பக்கம் இரண்டடி நீளும், படிப்பு அறையிலிருந்து கிடைத்த இடம் அதைத் தாங்கிக்கொள்ளும். சைட்டில் மேஸ்திரி 'பார்த்துக்கலாம்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், படி என்பது பிளானிலேயே எண்ணி முடிக்க வேண்டியது.

உங்கள் படுக்கையறை 11-க்கு 11 போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆறடிக் கட்டில் சட்டத்தோடு 6 அடி 4 அங்குலம் அகலம், 6 அடி 10 அங்குலம் நீளம் வரும். கால்மாட்டில் 4 அடி 2 அங்குலம் மிஞ்சும். அங்கே இரண்டடி ஆழத்துக்கு வார்ட்ரோப் போட்டால் நடக்க இரண்டடிதான், வார்ட்ரோப் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், அதனால்தான் சின்னதாகத் தோன்றியது. துணியெல்லாம் மேலே சொன்ன சிறு அறைக்குள் போய்விட்டால் அந்த நாலடியும் உங்களுக்கே. அறை ஒரு அங்குலம்கூடப் பெரிதாக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், கட்டிலின் தலைமாடு பொதுக் கழிப்பறைச் சுவரில் வேண்டாம், ஃப்ளஷ் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். தெற்கே தலை வைத்து, தெற்கு ஜன்னலைக் கொஞ்சம் மேற்கு ஓரமாகத் தள்ளிக்கொள்ளுங்கள்.

மனையடி, அதாவது அறை அளவுகளுக்கு நல்லது கெட்டது சொல்லும் சாஸ்திரம், பார்க்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, 8, 10, 11, 16 என்று எடுத்திருக்கும் அளவுகள் புழக்கத்துக்கும் பொருந்துகின்றன. ஆனால் மனையடி உள்அளவுக்குத்தான். செங்கலுக்குச் செங்கல் 11 அடி என்று கட்டிவிட்டால் இரண்டு பக்கமும் அரை அங்குலப் பூச்சு வந்து 10 அடி 11 அங்குலமாகிவிடும், அப்போது போய் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு அங்குலம் கூட விட்டுக் கட்டச் சொல்லி இப்போதே பிளானில் எழுதச் சொல்லுங்கள்.

சமையலறை 10-க்கு 11, தாராளமான அளவு. ஒரே குறை, வெளியே போக வழி இல்லை. தெற்கே ஐந்தடி சந்து இருக்கிறதே, அங்கே ஒரு கதவு வைத்து, பாத்திரம் கழுவ ஒரு சின்ன மேடையும் குழாயும் போட்டு, மேலே ஷீட் இறக்கினால் ஈரமும் சத்தமும் வெளியே போய்விடும், சிலிண்டரும் ஹால் வழியாக வர வேண்டியதில்லை. ஃபிரிட்ஜை வரையவில்லை, வரைந்து பார்த்தேன், நீங்கள் நினைத்த மூலையில் கதவு இடிக்கிறது, கதவை எதிர்ப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும். கிரைண்டருக்குத் தரையோரம் தனி பிளக் பாயின்ட். மேடை உயரம் 32 அங்குலமா 34-ஆ என்று இன்ஜினியரிடம் கேட்காதீர்கள், தினமும் சமைப்பது நீங்கள், இப்போதைய வீட்டு மேடையில் பலகை வைத்து உயர்த்தி உயர்த்தி மாவு பிசைந்து பாருங்கள், தோள் தூக்காமல் முதுகு குனியாமல் வருகிற உயரம் எதுவோ அது.

பூஜை அறை இருக்கும் இடம் சரி, மாற்ற வேண்டாம். முன்பக்கம் 14 அடி காருக்குத் தாராளம், வாசல் படிக்குப் பக்கத்தில் அத்தைக்காக ஒரு சரிவுப் பாதைக்கு மூன்றடி ஒதுக்கிவையுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழி சட்டப்படியும் கட்டாயம், அதையும் பிளானில் காட்டச் சொல்லுங்கள்.

அனுமதி பற்றி. 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டிடமும் இருந்தால் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்று 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்தது, 2,400 சதுர அடி மனையில் 1,700 சதுர அடி கட்டப்போகும் உங்களுக்கு அது பொருந்தும். சுலபம்தான், ஆனால் சுயசான்று என்பதால் பிளானில் இருக்கிறபடி கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். அதனால் திருத்தங்களை முடித்துவிட்டு, செட்பேக் அளவுகளை, அதாவது வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தை, உங்கள் ரோட்டு அகலத்துக்கு ஏற்றபடி இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, அப்புறம் பதிவேற்றச் சொல்லுங்கள்.

பூமி பூஜைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மனைக்குப் போங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு. சுண்ணாம்புத் தூளில் திருத்திய பிளானை முழு அளவில் கோடு போட்டு, கதவு வரும் இடத்தில் இடைவெளி விட்டு, அத்தை அறையில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள். அங்கிருந்து எழுந்து கழிப்பறைக் கோட்டுக்குள் போய் வரச் சொல்லுங்கள், ஹால் வரை நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் சமையலறைக் கோட்டுக்குள் நின்று மகன் உட்காரப்போகிற மேசை தெரிகிறதா என்று பாருங்கள். வெட்டவெளியில் கோடு போட்டால் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும், பயந்துவிடாதீர்கள், கையில் டேப் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்பைக் காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டு, கடைசியாக நின்ற கோடுகளை அளந்து இன்ஜினியரிடம் கொடுங்கள். திருத்திய பிளானை எனக்கும் அனுப்புங்கள், படிக்கட்டு எண்ணிக்கையை நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.